பதம் அறிந்த கை

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், சென்னைப் புதுப்பேட்டையில், பழைய மோட்டார் உதிரிபாகங்கள் குவிந்து கிடக்கும் கடைகளைத் தாண்டி, ஒடுங்கிய சந்தொன்றில் இருக்கும் பெயிண்ட் பட்டறைக்குப் போயிருந்தேன். காருக்கு வர்ணம் அடிப்பதைப் பார்க்கும் ஆவலோடு போன என் கண்ணுக்கு, மத்தியானம் வரையில் ஸ்ப்ரே கன் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. ஆயினும் அதை ஆணியிலிருந்து எடுப்பதற்கு முன் நடக்கிற காரியங்களில்தான் இத்தொழிலின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறதென்பதைப் பட்டறைப் பெரியவர், வாயால் அதிகம் சொல்லாமல், தம் கைகளாலேயே எனக்கு விளக்கிவிட்டார்.

நடுவே நின்றது ஒரு வெள்ளை அம்பாசடர். உற்பத்தியே 2014-இல் நின்றுபோன வண்டி. இடப்புறக் கதவில் துரு அரித்த பகுதியை டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்திருந்தார். அதன்மேல் பூசிய பட்டியை 80, 180, 320 என்று உப்புத்தாளின் எண்ணை உயர்த்திக்கொண்டே தேய்த்து முடித்த பையன், எண்ணெய்ப்பசை போக்கும் திரவத்தில் நனைத்த துணியால் கதவைத் துடைத்து, ஈரம் உலருமுன் இன்னொரு துணியால் ஒற்றியெடுத்தான். "இனிமே யாரும் கை வெக்கக்கூடாது" என்றார் பெரியவர். விரலின் எண்ணெய்ப்பசை கூட மேலே வரும் வர்ணத்தை ஒட்டவிடாமல் குழி விழச் செய்துவிடும்.

பிரைமர் டப்பாவைத் திறந்த அவர், அடியில் சேறுபோல் படிந்திருந்த கனத்த பொடி முழுவதும் மேலெழுந்து ஒரே நிறமாகும்வரை, சாவதானமாக, வெகுநேரம் கிளறினார். பிறகு நான்கு பங்கு பிரைமருக்கு ஒரு பங்கு ஹார்ட்னரை அளவுகோலின் கோடு பார்த்து ஊற்றி, ஹார்ட்னர் டப்பாவை அந்தக் கணமே இறுக மூடினார். தின்னரை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்தார். அடியில் துவாரமுள்ள சிறு கிண்ணத்தில் கலவையை நிரப்பி, அது ஒழுகி அறுபடும் நேரத்தை விநாடிக் கணக்கில் அளப்பது பெரிய தொழிற்சாலைகளின் முறை. இவரோ குச்சியைத் தூக்கிப் பிடித்து, இழையாக இறங்கிய கலவை எப்போது சொட்டாக முறிகிறதென்று பார்த்தார். பாகு பதம் பார்க்கிற சமையற்காரரின் கண் அது.

அவர் இளமையில் பழகியது என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். 1920-களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் டூகோ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்த பிறகே, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் வர்ண வேலை சில தினங்களுக்குள் சுருங்கிற்று. அது தின்னர் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. தவறு நேர்ந்தால் தின்னராலேயே கரைத்தெடுத்துவிடலாம். இன்றைய டூ-கே பிரைமரோ ஹார்ட்னரோடு ரசாயனமாகச் சேர்ந்து இறுகுவது. கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாது. ஹார்ட்னருக்கு ஈரமும் ஆகாது. தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை உண்டாக்கிப் பூச்சில் கொப்புளம் எழுப்பும். ஆகவேதான் பையன் முதற்காரியமாகக் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டான். மழைக்காற்றிலிருந்து இரவெல்லாம் சேர்ந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளிவந்தது.

கலவையை வடிகட்டி முடித்த பெரியவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டபோது என் மனம் பதறிற்று. கைக்குட்டை உப்புத்தாள் தூசியைச் சற்றுத் தடுக்கலாம். ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட்டைத் தடுக்காது. வாசனையால் முன்கூட்டி எச்சரிக்கும் இயல்பும் அதற்கு இல்லை. சுவாசப்பை ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்பு அற்ப அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடப் போதுமானது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தருகிற முகமூடியைப் பற்றிச் சொன்னேன். "தெரியும் சார். அதுக்குத் தனி மெஷின் வேணும். அந்தக் காசை யார் பில்லுல போடுறது?" என்றார். நம் கதவின் பளபளப்புக்காகப் பேரம் பேசுகிற நாமே அதைக் கொடுக்க வேண்டியவர்கள் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்ல நா எழவில்லை.

பிரைமர் இரண்டு பூச்சு ஏறிக் காயும் இடைவேளையில் அவர் வெள்ளையைக் கலக்க உட்கார்ந்தார். வெள்ளைதானே என்று எண்ணினேன். வருஷக்கணக்கில் வெயில் குடித்துப் பழுத்த அந்த வெள்ளைக்கு ஒரு துளி மஞ்சளும், அதை அடக்க ஊசிமுனையளவு கறுப்பும் வேண்டியிருந்தன. அட்டையில் தடவி, காயவிட்டு, பழைய கதவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி ஒரு துளி. டியூப் லைட் வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அதற்குள் வானம் மறுபடி மூடிக்கொண்டது. "வெயில் வரட்டும்" என்று டப்பாவை மூடிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். பையன் டீ வாங்கிவரப் போனான்.