ராத்திரி ரெண்டு மணிக்கு யார் டாக்டர்?

வியாதிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பகலெல்லாம் சமர்த்தாக விளையாடிய குழந்தைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் 103 டிகிரி அடிக்கும். அப்போது உங்களுக்கு இரண்டே வழி. விடியும்வரை ஈரத்துணி போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். அல்லது பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸிக்கு ஓடலாம். முதலாவது சில சமயம் ஆபத்து. இரண்டாவது பல சமயம் அநாவசியம். 'இது எந்த ரகம்?' என்று சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவர்தான் குடும்ப டாக்டர்.

ஆனால் அவரும் மனுஷர்தானே? பகல் முழுக்க நோயாளி பார்த்துவிட்டு, ராத்திரியும் கதவு தட்டினால் எத்தனை வருஷம் தாங்குவார்?

நெதர்லாந்து டாக்டர்களுக்கும் இதே பிரச்னை வந்தது. அக்கம்பக்கத்து டாக்டர்கள் சிலர் சேர்ந்து முறை போட்டு ராத்திரி டியூட்டி பார்த்தார்கள். தூக்கம் கெட்டு அலுத்துப் போனார்கள். ஆனால் பொறுப்பை உதறவில்லை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரிய கூட்டுறவுகளாகச் சேர்ந்துகொண்டார்கள். மையத்தின் டச்சுப் பெயர் வாயில் நுழையாது. அர்த்தம், 'வீட்டு டாக்டர் நிலையம்'. மாலை 5 முதல் காலை 8 வரை, சனி ஞாயிறு முழு நாளும் திறந்திருக்கும்.

அங்கே நேராகப் போய் நிற்கக் கூடாது, முதலில் போன் செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் எடுப்பார். மூச்சு எப்படி, வலி எங்கே என்று வரிசையாகக் கேட்டு, அவசரத்தை எடை போடுவார். அவர் முடிவுகளுக்குப் பொறுப்பாக ஒரு டாக்டர் இருப்பார். பிறகு மூன்றில் ஒன்று: போனிலேயே யோசனை, 'கிளம்பி வாங்க', அல்லது டிரைவர், ஆக்ஸிஜன், மருந்துகளோடு டாக்டரே உங்கள் வீட்டுக்கு. மாரடைப்பு மாதிரி இருந்தால் நேரே ஆம்புலன்ஸ். நடந்ததெல்லாம் உங்கள் சொந்த டாக்டருக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸிக்குப் போனால், பெரியவர்கள் வருஷத்தில் முதல் 385 யூரோ வரை கையிலிருந்து கட்ட வேண்டும். இந்த மையத்தில் டாக்டரைப் பார்க்க அது கிடையாது. நீங்கள் எங்கே போவீர்கள்?

பிரிட்டனில் கதை வேறு. 2004-இல் அங்கே புது ஒப்பந்தம் வந்தது. வருஷத்துக்குச் சுமார் 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் ராத்திரிப் பொறுப்பு இல்லை என்றார்கள். பத்தில் ஒன்பது டாக்டர்கள், 'ஆளை விடுங்கப்பா' என்று விட்டுக்கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கத்தின் விலை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ராத்திரி வேலை குத்தகைக்குப் போனது. முகம் தெரியாத டாக்டர்கள், தாமதம், புகார். பிறகு இங்கிலாந்து முழுக்க 111 என்ற போன் எண் வந்தது.

போனை முதலில் எடுப்பவர் இரண்டு நாட்டிலும் டாக்டர் இல்லை. அப்புறம் என்ன வித்தியாசம்? கடை யாருடையது என்பதுதான். ராத்திரி தப்பு நடந்தால் காலையில் தன் நோயாளியின் முகத்தில் விழிக்க வேண்டியவர் நடத்தினால், அந்த அக்கறையே தனி. டச்சுக்காரர்களிடமும் முணுமுணுப்பு உண்டு: காலையில் காட்டவேண்டிய சளிக்கெல்லாம் ராத்திரியே கூப்பிடுகிறார்கள் என்று.

நம் ஊரில் 2008-இல் 108 வந்தது. யோசனை கேட்க 104 இருக்கிறது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறதென்று அவற்றுக்குத் தெரியாது. தெரிந்தவர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தூங்குகிறார். தூங்கட்டும். ஒரு பேட்டையில் எட்டு டாக்டர்கள் ஒரு போனை வைத்துக்கொண்டு முறை போட்டால், ஒவ்வொருவருக்கும் எட்டு ராத்திரிக்கு ஒருமுறைதான் தூக்கம் கெடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், நிற்காத வலிப்பு - இதற்கெல்லாம் யாரையும் யோசனை கேட்காதீர்கள்; உடனே 108. மற்றதற்கு, அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "ராத்திரி நீங்க இல்லேன்னா யார் சார்?"

பத்துப் பேர் கேட்டால் அவரே யோசிக்க ஆரம்பிப்பார்.