பனிமலைக்குப் புறப்படும் முன்

"காஷ்மீர் எப்படி இருந்தது? பனியில் விழுந்தீர்களா?" என்று கேட்டுக் கேட்டு எங்களைத் துளைத்தெடுத்துவிட்டீர்கள். அதையெல்லாம் எழுதப் புகுந்தால் இம்மலரில் வேறு எவருக்கும் இடம் இராது. ஆகவே, பனியைக் கண்ணால் காணும் முன் பாளையங்கோட்டையில் நாங்கள் பட்ட பாட்டை மட்டும் இங்கே சொல்கிறோம். எங்களுக்கென்னவோ பயணத்தைவிட அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. (நாங்கள் என்றால் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி, ஏழாம் வகுப்பில் ஒருத்தி. சண்டையின்றிச் சேர்ந்து எழுதும் முதல் கட்டுரை இது!)

எல்லாவற்றுக்கும் காரணர் அப்பாவின் நண்பரான பட்டாளத்து மாமா. குல்மார்க்கில் நம் இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1948-ல் தொடங்கியது. மாமா அங்கே பனிச்சறுக்குப் பழகியவர். அப்பாவின் சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்று, "எத்தனை தடவைதான் ஊட்டியும் கொடைக்கானலும்? பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டுங்க. காட்டினா மட்டும் போதாது, சறுக்கவும் விடுங்க" என்று பற்றவைத்தார்.

படத்தைப் புரட்டினோம். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஒன்றே! ஆயினும் அது 34-ஆம் பாகை வட அட்சத்தில் இருப்பதால் அங்கே பனி ஆள் உயரம் குவிகிறது. 11-ஆம் பாகையில் உள்ள நமக்குப் புல் நுனியில் உறைபனிதான். அங்கும் பனி சொன்னபடி பெய்வதில்லையாம். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லாய்க் கிடந்தன. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் போட்டிகள் பனியில்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இதையெல்லாம் எண்ணி, குடியரசு நாளுக்குப் பிந்திய வாரம் என்று முடிவாயிற்று. தலைமையாசிரியை அவர்கள் விடுப்புக் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, "கால் முழுசாய்த் திரும்பி வர வேண்டும்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்கள்.

அந்தக் காலுக்குத்தான் முதல் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்வதுபோல் நிற்க வேண்டும். முதல் நாள் இருபது எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது. மூன்றாம் வாரம் நூறு வரை நின்றோம். அப்பா எழுபதோடு சரி! ஸ்கீ கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகல விரித்தால் வேகம் குறையும் என்பதை மாமா மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்துக் காட்டினார். பூட்டைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்தது. பலமாய் விழுந்தால் காலணி கட்டையிலிருந்து தானே கழன்றுகொள்ளும். அதனைத் திருகி வைப்பது நம் எடை, உயரம், வயது எல்லாம் பார்த்துத்தான். எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத நேரத்தில் கழலும். கூட்டிச் சொன்னால் வேண்டிய நேரத்தில் கழலாது. "அங்கே மட்டும் உண்மையைச் சொல்லிடுங்கம்மா" என்றார் மாமா, அக்காவைப் பார்த்து.

கம்பளிக் காலுறைக்கு நெல்லைக் கடைகளில் ஏறி இறங்கியது தனிக்கதை. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே நிற்கும், அதனால் கூடாது. இரண்டு காலுறை போட்டால் மடிப்பு விழுந்து கால் புண்ணாகும், ஒன்றே போதும். மேல்கோட்டும் காலணியும் கட்டையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

அம்மாவின் பேச்சே இதில் வரவில்லையே என்கிறீர்களா? வரவில்லைதான்! "நீங்க மூணு பேரும் சறுக்குங்க. நான் பைகளைப் பாத்துக்கிடுதேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களுக்கு அது வியப்பாகவும் படவில்லை. குற்றாலத்தில் கரையில் நின்று துணிகளுக்குக் காவல் அம்மா. கொடைக்கானல் ஏரியில் படகேறாமல் செருப்புகளுக்குக் காவல் அம்மா. வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எந்தச் சுற்றுலாப் படத்திலும் அம்மா இல்லை. நெடுந்தூரப் பனிச்சறுக்கில் கேலோ இந்தியாவில் தங்கம் வென்ற பவானி தெக்கடா நஞ்சுண்டா நம் பக்கத்துக் குடகு நாட்டுப் பெண்தான் என்று படத்தைக் காட்டினோம். "அவ சின்னப் பிள்ளைட்டீ" என்று சிரித்துவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போய்விட்டார்.

சரிவில் பழக வேண்டுமே, அதற்கு மலை ஏது? ஆச்சியின் பிறந்த ஊர் காயாமொழிப் பக்கம். அங்குள்ள செம்மண் தேரியைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு ஞாயிறு காலை எல்லாரும் கிளம்பினோம். "ஏட்டி, குற்றாலத்துல வழுக்கி விழுறது பத்தாதா? காஷ்மீர் வரைக்கும் போய் விழணுமாக்கும்?" என்று வழியெல்லாம் ஆச்சியின் கேலிதான். மணல்மேட்டில் பக்கவாட்டாக அடி வைத்து ஏறினோம். கையை ஊன்றாமல், பக்கவாட்டில் இடுப்பு படும்படி விழப் பழகினோம். மூக்கிலும் காதிலும் மணல்! அம்மா வழக்கம்போல் பனைநிழலில், தண்ணீர்க் குப்பிகளோடு.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி திடீரென்று கேட்டார்:

"ஏளா, பைக்குக் காவல் இருக்கவா இம்புட்டுத் துட்டைக் கொட்டி அம்புட்டுத் தூரம் போறே?"

"வேண்டாம் அத்தை. இந்த வயசுல..."

"நாப்பத்திரெண்டு ஒரு வயசா? எங்க ஊருப் பொட்டப்பிள்ளைக அத்தனை பேரும் பனைமட்டையில ஏறி இந்தத் தேரியிலதான் சறுக்கினோம். பையை நான் பாத்துக்கிடுதேன். நீ ஏறு."

ஆச்சி சறுக்கினாரா! நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். பாதி மேட்டில் விழுந்தார். எழுவார் என்று பார்த்தால், மணலில் கிடந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதேயில்லை.

அன்றிரவே சுவரோரம் நான்காவது ஆள் சேர்ந்தாயிற்று. இரண்டே வாரத்தில் அப்பாவை முந்தினார் அம்மா. (மாவாட்டிய கால்களல்லவா என்றார் அப்பா, தோல்வியை மறைக்க!) உள்ளே போடும் கால்சட்டையை வாங்கி வந்தபோதுதான் சங்கடம். சேலையன்றி வேறு அறியாதவர், கதவைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. "குளிருக்குப் போடுற துணிதானே" என்று ஆச்சி முடித்துவைத்தார்.

கடைசித் தடை மெட்டி. அந்தக் காலணி கல்போல் இறுக்கமானது. விரலில் மெட்டி இருந்தால் அழுத்திப் புண்ணாக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். கலியாணமான நாள் முதல் அம்மா அதைக் கழற்றியதில்லை. கழற்றுவது ஆகாது என்பார்கள் அல்லவா? யாரும் வாய் திறக்கவில்லை. புறப்படும் மாலையில் ஆச்சியே கையை நீட்டினார். "இங்கேயே கழத்து. அங்க பனிக்குள்ள விழுந்துட்டா யாரு தேடுறது?" அம்மா ஆச்சியின் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, சோப்பு தடவி, இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். ஆச்சி அவற்றைத் துணியில் சுற்றிச் சுருக்குப்பையில் போட்டார்.

நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாயிற்று. வாசலில் ஆட்டோ ஒலித்தது. ஆச்சி சுருக்குப்பையை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "விழுந்தா பக்கவாட்டுல விழு."