வட்டிலப்பத்தில் கொஞ்சம் கோப்பி

பெருநாளுக்கு உம்மா புத்தளத்தில இருந்து வந்திருக்கிறா. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவ இளம் பெண். நாங்கள் மூன்று பேரும் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில்தான். நாங்கள் திரும்பி வந்து நீராவிப்பிட்டியில் வீடு கட்டியும் உம்மா தங்கமாட்டா. மூன்றாம் நாளே பஸ் நேரம் கேட்பா.

இந்த முறை வட்டிலப்பத்தில் கோப்பி சேர்த்துப் பார்த்தோம். எஸ்பிரெசோவுக்கு 9 பார் அழுத்தம் தருகிற மெஷின் வேணும். எங்களிட்ட இருப்பது அடுப்பில் வைக்கிற சின்ன மொக்கா பொட். அதில வாற கடும் கோப்பியே போதும்.

பனங்கட்டி 250 கிராம், முட்டை 5, கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப், கோப்பி கால் கப், ஏலம். பனங்கட்டியைச் சூடான கோப்பியில் கரைத்து வடித்து, நன்றாக ஆறின பிறகுதான் முட்டை சேர்க்கோணும். இல்லாட்டித் திரைஞ்சுபோகும். மூடி, மெல்லிய நெருப்பில் 40 நிமிடம் ஆவியில் அவிக்கோணும்.

புத்தளத்தில் எப்பவும் கித்துள் கருப்பட்டிதான். இந்தப் பனங்கட்டி பக்கத்து வீட்டு அக்கா குட்டானோட தந்தது.

உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தா. கொஞ்ச நேரம் பேசயில்ல.

"கோப்பி ஏன் போட்ட? கட்டி நல்ல கட்டி. யார் தந்த?"

அக்காவின் அம்மா பேரைச் சொன்னோம்.

"அவ இன்னும் இருக்காவா?"

அவவும் 2009இல் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடித் திரும்பினவதான். உம்மா மிச்ச வட்டிலப்பத்தைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டால போனா. மஹ்ரிபுக்குத்தான் திரும்பி வந்தா.

இன்றைக்கு ஐந்தாம் நாள். பஸ் நேரம் இன்னும் கேட்கயில்ல.