பதினோராவது தூது

நுழையும்முன்

பிரிவைப் பாடாத தமிழிலக்கியம் இல்லை. பிரிந்திருப்போரைச் சொல்லால் மட்டுமன்றி, தம் கையால் ஆக்கிய உணவாலும் சென்றடைவது நம் வீடுகளில் நிலவும் வழக்கம். ஒரு தாய் தன் மகனுக்குக் கேக் செய்து அனுப்பிய கதையின் வழியே, அவ்வழக்கத்தில் பொதிந்துள்ள அறிவையும் அன்பையும் இத்தன்னனுபவக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

அன்னம், மயில், கிளி, மேகம், நாகணவாய்ப்புள், பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தும் தூது விடுவதற்கு உரியவை எனத் தமிழ் மரபு வகுத்துள்ளது. தூது தனியொரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. இப்பத்தும் சொல்லைச் சுமந்து செல்பவை. இவற்றோடு உணவைச் சுமந்து செல்லும் தூது ஒன்றையும் சேர்க்கலாம். அது அடுக்களையில் பிறந்து, தகர டப்பாவில் அமர்ந்து, தொடர்வண்டியிலும் சரக்குந்திலும் பயணம் செய்து, உரியவர் கையில் சென்று திறக்கிறது. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்குமாகவும், கிறிஸ்துமஸுக்குக் கேக்காகவும் அது வடிவம் கொள்ளும். அதனைப் பதினோராவது தூது என்று அழைக்க விரும்புகிறேன்.

பயணத்துக்கு ஏற்ற பண்டம்

எல்லா உணவும் பயணத்துக்கு உகந்ததன்று. இட்லி ஒரு நாளைத் தாண்டாது. பாயசம் வாசலைத் தாண்டாது. நம் முன்னோர் வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டியபோது புளியையும் நல்லெண்ணெயையும் துணைக்கு அழைத்தனர். புளியிலுள்ள அமிலம் நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. முறுக்கில் ஈரம் மிகக் குறைவு. ஆதலால் அது வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

அதிரசத்துக்கும் உலர்பழக் கேக்குக்கும் காவல் இனிப்பு. வெல்லமும் சர்க்கரையும் பண்டத்திலுள்ள நீரைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. நுண்ணுயிரிகள் பெருகத் தேவையான நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. க்ரீம் பூசிய கேக் குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்தால் விரைவில் கெட்டுவிடும். உலர்திராட்சையும் பேரீச்சையும் நிறைந்த கேக்கோ பல வாரங்கள் தாங்கும். நாள் செல்லச் செல்ல அதன் மணமும் சுவையும் கூடும். இவ்வேதியியலை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தவர் என் பெரியம்மா.

தணலில் வெந்த கேக்

பெரியம்மாவின் வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. அவருடைய ஒரே மகன், எனக்குத் தம்பி முறையினன், 1988ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படையில் சேர்ந்தான். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில்தான் அவ்வீட்டிலிருந்து முதல் கேக் வடக்கு நோக்கிப் புறப்பட்டது.

கேக் சுடுவதற்கென்று தனி அடுப்பு அப்போது அவரிடம் இல்லை. அகன்ற பித்தளைப் பாத்திரத்தின் அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றுவார். மாவு ஊற்றிய தட்டத்தை மணலின்மேல் வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போடுவார். கீழிருந்தும் மேலிருந்தும் ஒரே அளவான வெம்மை கிடைக்க வேண்டும். தணல் கூடினால் மேற்புறம் கருகும். குறைந்தால் நடுப்பகுதி வேகாது. அவரிடம் வெப்பமானி கிடையாது. மூடிக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தே சூட்டை அறிவார்.

ஆரஞ்சுச் சாற்றில் ஓரிரவு ஊறிய உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி. சர்க்கரையைக் கருக்கிக் காய்ச்சிய பாகு. ஏலம், கிராம்பு, பட்டை, சாதிக்காய் ஆகியவற்றின் தூள். இவையெல்லாம் சேர்ந்து வேகும்போது தெருவே மணக்கும். தென்னை ஈர்க்கை நடுவில் செருகி எடுப்பார். மாவு ஒட்டாமல் வந்தால் தணலை இறக்கிவிடுவார்.

ஆனால், அன்றைக்கே கேக்கைக் கட்டிவிட மாட்டார். மெல்லிய துணியால் மூடி இரவு முழுவதும் ஆறவிடுவார். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் முத்துமுத்தாகப் படிந்து மீண்டும் கேக்கின்மேல் சொட்டும். பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த ஈரத்தில்தான். வீட்டுப் பிள்ளைகள் அன்றிரவு மணத்தை மட்டும் உண்டு உறங்குவார்கள்.

மறுநாள் காலை கட்டும் பணி தொடங்கும். வெண்ணெய்த்தாளில் இருமுறை சுற்றிய கேக், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இறங்கும். சுற்றிலும் இடைவெளி இருந்தால் கேக் மோதி மோதி உடைந்துவிடும். அவ்விடைவெளியில் காகிதத்தைத் திணிக்கலாம் என்றேன். “காகிதத்தையா அவன் தின்பான்?” என்று கேட்டுவிட்டு, தாளில் சுற்றிய முந்திரிக்கொத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு டப்பாவைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளிருந்து ஓசை எழாத வரையில்தான் மூடிக்கு அனுமதி. அதன்பின் காடாத்துணியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்து, தையலின்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைப்போம்.

ஊரில்லாத முகவரி

முகவரி எழுதுவது என் பொறுப்பு. தம்பி அனுப்பியிருந்த கடிதத்தைப் பார்த்து அவனுடைய படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதினேன். இறுதி வரி, ‘56 ஏ.பி.ஓ.’ என்பது. பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஊர்ப் பெயர் எங்கே?” என்றார். ஊர்ப் பெயர் இல்லை. மாநிலத்தின் பெயரும் இல்லை. படைப்பிரிவு எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இத்தகைய பொதிகள் முதலில் மையத் தள அஞ்சலகத்தைச் சென்றடையும். அத்தகைய அஞ்சலகங்கள் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ளன. படைப்பிரிவு இருக்குமிடம் அறிந்த இராணுவ அஞ்சல் பணியினர் அங்கிருந்து அவற்றை உரிய இடத்துக்கு அனுப்புவர். 1972ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இராணுவ அஞ்சல் பணி தனிப் படைப்பிரிவாக அமைக்கப்பட்டது.

இவற்றை விளக்கியபோது பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குத் தெரியாத இடம் இந்தக் கேக்குக்குத் தெரியப்போகிறது” என்றார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. தாய் செல்ல இயலாத இடத்துக்கு, அவர் கைப்பட்ட பண்டம் சென்றது.

தெரிந்து தெளிவோம்

அஞ்சல் குறியீட்டு எண் இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். ஆறு இலக்கங்களுள் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடும் கேரளமும் 6 என்னும் இலக்கத்தில் அடங்கும். 9 என்பது இராணுவ அஞ்சலுக்கு உரியது.

ஜூன் மாதத்துக் கிறிஸ்துமஸ்

ஆண்டுதோறும் டிசம்பரில் நிகழ்ந்துவந்த இவ்வேலை, ஒரே ஓராண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. அது 1999. கார்கில் மலைமுகடுகளில் போர் நடந்துகொண்டிருந்தது. நாள்தோறும் தொலைக்காட்சியில் பனிமலைகளும் பீரங்கிகளும் தோன்றின. தம்பியிடமிருந்து ஐந்து வாரங்களாகக் கடிதம் இல்லை. அவன் அங்கே இருக்கிறானா, வேறெங்கோ இருக்கிறானா என்பதை அறிய வழியில்லை. ‘56 ஏ.பி.ஓ.’ என்னும் வரி முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு எங்களை அச்சுறுத்தியது.

ஒருநாள் மாலை நான் சென்றபோது பெரியம்மா உலர்திராட்சையைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தார். இது கேக் செய்யும் காலமா என்று நான் கேட்கவில்லை. அருகில் அமர்ந்து நானும் காம்பு நீக்கினேன். வெயில் காலம் என்பதால் கேக்கைச் சற்றுக் கூடுதலாக வேகவிட்டார். டப்பாவும் முன்னதைவிடப் பெரியது. “அவன் தனியாகவா தின்பான்? கூட இருப்பவர்களுக்கும் தாய் உண்டுதானே?” என்றார். அஞ்சலகத்தில் பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகையில் பற்றுச்சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆகஸ்ட் மாதம் கடிதம் வந்தது. நலமாக இருப்பதாகத் தம்பி எழுதியிருந்தான். கேக்கை மெல்லிய துண்டங்களாக அறுத்து இருபத்திரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்களாம். பஞ்சாபைச் சேர்ந்த தோழர் ஒருவர், “இன்று என்ன பண்டிகை?” என்று கேட்டாராம். “எங்கள் வீட்டில் இன்றுதான் கிறிஸ்துமஸ்” என்று தம்பி சொன்னானாம். பெரியம்மா அவ்வரியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு முந்தானையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்து, அக்கடிதத்துக்குள் வைத்து மடித்தார். அவர் அழுதது அப்போதுதான்.

கை சொல்லும் செய்தி

அன்று பெரியம்மாவால் செய்யக்கூடியதாக இருந்தது இவ்வொன்றே. போரை அவரால் நிறுத்த இயலாது. மகனைக் காணவும் இயலாது. ஆயினும் மாவைச் சலிக்கவும், தணலைக் கணிக்கவும், இடைவெளியின்றி அடுக்கவும் இயலும். கவலையை வேலையாக மாற்றும் ஆற்றல் அன்புக்கு உண்டு. அவ்வேலையில் சிறு குறையும் நேராமல் பார்த்துக்கொள்வதே அவர் அறிந்த வழிபாடாக இருந்தது.

மாணவர்களே, உங்களுள் சிலர் விடுதியில் தங்கிப் பயில்பவராக இருக்கலாம். நாளை பலரும் மேற்படிப்புக்கும் பணிக்குமாக ஊரை விட்டுச் செல்வீர்கள். இன்று முகம் பார்த்துப் பேசக் கைப்பேசி இருக்கிறது. ஆயினும் வீட்டிலிருந்து பொதி ஒன்று வந்தால் அதை விரைந்து பிரித்துவிடாதீர்கள். எது எதனால் சுற்றப்பட்டிருக்கிறது, எந்த இடைவெளி எதைக்கொண்டு நிரப்பப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசியில் சொல்லாமல் விட்ட செய்தி அங்கே இருக்கும்.

பெரியம்மாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய தம்பிதான், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் தன் மகளுக்குக் கேக் செய்து அனுப்புகிறான். மணலும் தணலும் போய் மின்னடுப்பு வந்துவிட்டது. காடாத்துணியின் இடத்தில் ஒட்டுநாடா. ஆனால், மூடுவதற்கு முன் டப்பாவைத் தாயின் காதருகே கொண்டுசென்று ஆட்டிக் காட்டுகிறான். அவர் தலையசைத்த பிறகே முகவரி எழுதுகிறான். அதில் ஊரின் பெயர் இருக்கிறது.