கேட்டால்தான் சொல்லும்

சென்னைப் புறநகரான நூம்பலில் மெயின்ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் லேத் பட்டறை, வெல்டிங் கடை, பழைய இரும்பு என்று வரிசையாக ஷெட்டுகள். அதில் ஒன்றின் மாடியில் மழையையும் ஆற்று நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறார்கள். மேசை முழுக்க மழைமானிகள், ரேடார் சென்சார்கள், டேட்டா லாகர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அத்தனையும் பாலத்துக்கும் ஏரிக்கரைக்கும் திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

மூத்த டெக்னீஷியன் ஒரு நீர்மட்ட சென்சாரை லேப்டாப்போடு இணைத்திருந்தார். வந்தவை மூன்றே ஒயர்கள்: 12 வோல்ட், எர்த், டேட்டா. இந்தச் சென்சார்கள் பேசும் முறைக்கு எஸ்டிஐ-12 என்று பெயர். 1988-ல் அமெரிக்காவில் வகுத்தது. வேகம் நொடிக்கு 1200 பிட்தான். இன்றைய கணக்கில் நத்தை வேகம். ஆனால் சோலார் பேனலையும் சின்ன பேட்டரியையும் நம்பி, ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் நிற்கும் கருவிக்கு வேகம் எதற்கு? கரன்ட் மிச்சமாக வேண்டும், அறுபது மீட்டர் கேபிளில் பேச்சு சிதறாமல் வர வேண்டும். இந்த இரண்டும் இதில் கிடைக்கின்றன.

"தூங்குற ஆளைத் தட்டி எழுப்பிட்டுத்தான் சார் கேள்வி கேக்கணும்" என்றார். தட்டுவது, டேட்டா ஒயரில் குறைந்தது 12 மில்லி செகண்டுக்குப் போகும் ஒரு சிக்னல். சென்சார் விழித்துக்கொள்கிறது. அதன்பின் அவர் அடித்தார்: 0எம்! முதல் எண் சென்சாரின் முகவரி, 'எம்' என்றால் அள, ஆச்சரியக்குறி வந்தால் கட்டளை முடிந்தது. உடனே பதில் வந்தது: 00011. பூஜ்ஜியம் முகவரி, அடுத்த மூன்று இலக்கம், ஒரு நொடி பொறு, கடைசி ஒன்று, தரப்போவது ஒரே ஒரு அளவு. பொறுத்தார். பிறகு 0டி0! என்று கேட்டதும் 0+2.137 என்று திரையில் விழுந்தது. சென்சாருக்கும் எதிரே இருந்த சுவருக்கும் உள்ள தூரம், மீட்டரில். டேப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். கேட்காமல் இந்தக் கருவி வாய் திறப்பதே இல்லை. களத்தில், அளவுகளைப் பதிந்துவைக்கும் லாகர்தான் குறித்த நேரத்துக்கு எழுப்பிக் கேட்கிறது.

பக்கத்து மேசையில் ஐடிஐ படித்த பெண் ஒருத்தி திணறிக்கொண்டிருந்தாள். இரண்டு சென்சாரை ஒரே கேபிளில் சேர்த்திருந்தாள், திரையில் குப்பையாக எழுத்துகள். "அண்ணா, ரெண்டுமே சைபர்ல இருக்கு!" அவளே கண்டுபிடித்துவிட்டாள். புதுச் சென்சார்கள் பூஜ்ஜிய முகவரியோடுதான் வரும்; ஒரே பெயரைக் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும். ஒன்றைக் கழற்றி, மற்றதற்கு 0ஏ1! என்று கொடுத்து முகவரி மாற்றினாள். மார்க்கரால் அதன் உடம்பிலும் 1 என்று எழுதினாள். மழையில் கம்பத்தின் மேல் நிற்பவருக்கு அந்த எழுத்துதான் துணை.

மழைமானிக்கு இவ்வளவு பேச்சு இல்லை. உள்ளே சீசா போல ஒரு குட்டி வாளி. 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் கவிழும். அப்போது அதில் உள்ள காந்தம் ரீட் ஸ்விட்சைக் கடக்கும். லாகர் ஒன்று கூட்டிக்கொள்ளும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய்க்கு ஒரு கவிழ்ப்பு சுமார் 6.28 மில்லி. அதனால் 628 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றி, நூறு முறை கவிழ்கிறதா என்று காது கொடுத்து எண்ணுகிறார்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். இந்த வாளிக்கு அது 2450 கவிழ்ப்பு. பேய்மழையில், கவிழும் கணத்தில் வரும் நீர் எண்ணிக்கையிலிருந்து தப்பிவிடும். பெருமழையைக் குறைத்துச் சொல்வது இந்த வாளியின் இயல்பு என்பதால்தான் வேகமாக ஊற்றியும் ஒரு சோதனை நடக்கிறது.

செம்பரம்பாக்கத்திலோ பூண்டியிலோ மதகைத் திறப்பவர் நம்புவது எண்களை. எண் சரியாக வர, புனலில் அடைத்த காக்கை எச்சத்தையும் ஜங்ஷன் பாக்ஸில் குடியேறிய எறும்பையும் யாராவது சுத்தம் செய்தாக வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும்போதே இந்த வேலைக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்களில் பலருக்கு மழைக்கு முந்தைய சில மாதங்கள்தான் நிறைய வேலை.

சென்சாரைப் பாலத்தில் மாட்டிய பிறகும் லாகரின் எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்புவதில்லை. தூணில் பதித்த அளவுகோலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கத்திச் சொல்ல, மற்றவர் 0எம்!, பிறகு 0டி0! அடிக்கிறார். சென்சார் சொல்லும் தூரத்தை நீர்மட்டமாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பெட்டியைப் பூட்டுகிறார்கள்.