இறங்கிப்போய்ப் பார்த்தவர்

வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் நூற்றுக்கணக்கில் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி 2018 கோடையில் எங்கள் பள்ளிப்பட்டுக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் ஒரு குரல்பதிவு, தெலுங்கில் இன்னொன்று. எங்கள் ஊரில் இரண்டும் செல்லும். 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணியோடு சேர்ந்து எங்கள் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் அடுப்படியில் ஒரு மொழி, தறிக்கொட்டகையில் ஒரு மொழி. நகரியில் கிளம்புகிற வதந்தியும் எங்களுடையதுதான், சோளிங்கரில் கிளம்புகிற வதந்தியும் எங்களுடையதுதான்.

கூடவே ஒரு வீடியோவும் சுற்றியது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, பைக்கில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை பெற்றவள் யாரும் அதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியாது. எனக்கும் வயிறு கலங்கியது. உண்மையில் அது பாகிஸ்தானில், கராச்சியில், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். போன பைக் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடும். ஒரு நொடி கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று எழுதிய அட்டையை அவர்கள் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதிப் படம் இந்தியா முழுக்க ஓடியது.

மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. சென்னையிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார், கூட வந்தவர்கள் குற்றுயிரானார்கள். அதே நாள்களில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில், யாரென்றே தெரியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்கள் யாரும் தங்களைக் கொலைகாரர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் கை ஓங்கியிருப்பார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அந்த வாரங்களில் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு ஒரு பஞ்சுமிட்டாய்க்காரப் பையன் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. தோளில் கழி, அதில் ரோஸ் கலர் பாக்கெட்டுகள், கையில் மணி. மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு பையன் செல்போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். மிட்டாய்க்காரன் சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான். லேமினேஷன் மூலையில் பிரிந்து, சர்க்கரைப் பிசுக்கு ஒட்டிய அட்டை. ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் வேணா அடிச்சுக்குவான்" என்று அதைத் திருப்பிக் கொடுக்காமலே கையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து தறி மேஸ்திரி அண்ணன் வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. மகாராஷ்டிராவில், பிவண்டியில் சில வருஷம் தறி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்.

"யாராவது அவனக் கேட்டீங்களாடா?"

"கேட்டோம்ணா. வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

"எந்தப் பாஷையில கேட்டீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணன் இந்தியில் பேசினார். எந்த ஊர், யார் வீட்டில் தங்கியிருக்கிறாய், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் அழுதுகொண்டே சொன்னான். திருத்தணியில் அறை வாடகைக்குக் கொடுத்தவரின் நம்பரை அவனிடமே வாங்கி, ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். "ஆமாங்க, நம்ம பசங்கதான், ரெண்டு வருஷமா இருக்காங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு ஆதார் அட்டையை வாங்கி, லுங்கியில் துடைத்து, பையனிடம் கொடுத்தார். செல்போன் பையனிடம் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "அத அழிச்சிட்டுப் போ."

அந்த அண்ணன் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கிறவர். நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவள். அன்றைக்கு வேதத்தின்படி நடந்தவர் அவர்தான் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

ஏனென்றால் வேதத்தில் அதற்குச் சான்று இருக்கிறது. ஆதியாகமம் 18-ல், சோதோம் கொமோராவைப் பற்றிய கூக்குரல் தேவனை எட்டுகிறது. எல்லாம் அறிந்தவர், விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாதவர். அவரே, தமக்கு எட்டியபடிதான் காரியம் இருக்கிறதா என்று இறங்கிப்போய்ப் பார்க்கத் தீர்மானிக்கிறார். இதைவிட நெருக்கமாக எங்கள் எல்லையோர வாழ்க்கையைத் தொடுவது யோசுவா 22. யோர்தானுக்கு அக்கரையில் குடியேறிய ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஆற்றங்கரையில் பெரிய பலிபீடம் கட்டிவிட்டார்கள் என்று இக்கரைக்குச் செய்தி வருகிறது. செய்தி பொய்யில்லை, பலிபீடம் இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட அர்த்தம்தான் தப்பு. இக்கரையார் சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிடுகிறார்கள். ஆனால் புறப்படுவதற்கு முன் பினெகாஸ் என்ற ஆசாரியனையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பி நேரில் கேட்கிறார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாதே, அதற்குச் சாட்சியாகத்தான் கட்டினோம், பலியிட இல்லை என்று அக்கரையார் விளக்குகிறார்கள். யுத்தம் நின்றுபோகிறது. ஒரு பயணம், ஒரு கேள்வி.

பத்துக் கட்டளைகளில் வரும் பொய்ச்சாட்சிக் கட்டளையை அந்த மிட்டாய்க்காரப் பையன் வந்த நாள்வரை பிள்ளைகளுக்கு நான் கோர்ட்டில் பொய் சொல்லக் கூடாது என்ற அளவில்தான் சொல்லித்தந்திருந்தேன். மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறு ஞானோபதேசம் அதற்கு எவ்வளவு அகலமான பொருள் சொல்கிறது என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அயலானைப் பற்றிப் பொய் சொல்லாதது பாதிதான். அவனுக்காகப் பரிந்து பேசுவதும், அவன் செய்ததற்கு நல்ல அர்த்தம் கொடுக்கப் பார்ப்பதும் மீதிப் பாதி. ராத்திரி டிவி விவாதங்களை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மனது வலிக்கிறது. எதிரில் இருப்பவர் சொன்னதில் மோசமான அர்த்தம் எதுவோ அதைத் தேடிப் பிடிப்பதே அங்கே திறமை. ஒருவர் அரை மணி நேரம் பேசியதில் பத்து நொடியை நறுக்கி எடுத்து நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். நறுக்கியவருக்கு அது பிழைப்பு. பார்த்துவிட்டுப் பல்லைக் கடிக்கிற நமக்கு அது என்ன?

கிறிஸ்தவர்களாகிய நாங்கள் பொய்ப்பழி விஷயத்தில் மற்றவர்களைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியவர்கள். பிள்ளை பிடிக்கிற பழியை முதலில் சுமந்தவர்களில் நாங்களும் உண்டு. ரோமப் பேரரசில், கிறிஸ்தவர்கள் ரகசியமாகக் கூடிக் குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் அதற்குப் பதில் எழுதவே உட்கார வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போவானேன். 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் சுவாமி லட்சுமணானந்தா கொல்லப்பட்டபோது, மாவோயிஸ்டுகள் தாங்களே பொறுப்பேற்ற பிறகும், பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. உயிருக்குப் பயந்து ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

இத்தனையும் தெரிந்த எங்கள் ஜெபக்குழுவிலேயே வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு செய்தி வந்துவிடும். இந்தியாவில் புத்த மதத் தீவிரவாதிகள் நேற்று இரவு 20 ஆலயங்களை எரித்துவிட்டார்கள், இன்றிரவு 200 ஆலயங்களை அழிக்கப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள் என்று ஒன்று. ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை என்று இன்னொன்று. பல வருஷங்களாக உலகம் சுற்றுகிற பொய்கள் இவை. அந்த "நேற்று இரவு"க்கும் "நாளை"க்கும் தேதியே கிடையாது.

நான் இதைச் சொன்னபோது குழுவில் மூத்தவரான ஒரு ஐயாவுக்கு வருத்தம்.

"பொய்யாவே இருக்கட்டும்மா. ஜெபம் வீணாப் போகுமா?"

"ஜெபம் வீணாப் போகாதுங்கய்யா. ஆனா அந்தச் செய்தியில குத்தவாளின்னு யாரையோ சொல்றோமே. செய்யாத பழிய அவங்க மேல போட்டுட்டு எப்படிங்கய்யா முழங்கால் போடறது?"

அவர் பதில் பேசவில்லை. எனக்கும் அவர்மேல் மரியாதை குறையவில்லை. கண்ணீரோடு ஜெபிக்கிறவர், அந்தக் கண்ணீரைத்தான் பொய்ச் செய்தி திருடுகிறது. கந்தமாலில் வீடிழந்தவர்களுக்கு உண்மையான காயம் இருந்தது. இட்டுக்கட்டின காயங்களை நாம் பரப்பப் பரப்ப, நாளைக்கு நிஜமாகவே அடிபட்டவன் வந்து சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தூரத்துச் செய்தியை ஜெபக்குறிப்பாகக் கொண்டுவருகிறவர், அதை யாரிடம் விசாரித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஐயாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனாலும் கடைசியாக அந்த ஆப்கானிஸ்தான் செய்தி வந்தபோது, அனுப்பியவருக்கு அவரே ஃபோன் போட்டார். வேறொருவர் அனுப்பியது என்றார் அவர். ஐயா அந்த வேறொருவரின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.