அறிந்தவர் எழுதாத வழி

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு ஓர் ஆய்வு மாணவி தம் தந்தையை வழியனுப்ப வந்திருந்தார். கரையில் நிற்பவருக்குக் கப்பல் புறப்படுவது தெரியும். அது ஹேவ்லாக் செல்கிறதா, ஹட் பே செல்கிறதா என்பது பயண அட்டவணையை வைத்திருப்பவருக்கே தெரியும்.

அவரது மூன்று வார உழைப்பு வீணானதும் இத்தகைய அறியாமையால்தான். பல கிளைகள் கொண்ட ‘ஸ்விட்ச்’ கூற்றைக் கம்பைலர் பெரும்பாலும் முகவரி அட்டவணையாக்கி, அதிலிருந்து எடுத்த முகவரிக்குத் தாவச் செய்கிறது. அட்டவணை எங்குள்ளது, அதில் எத்தனை முகவரிகள் என்பதைக் கம்பைலர் அறியும்; இருமக் கோப்பிலோ அக்குறிப்பு இராது. பகுப்பாய்வுக் கருவி ஊகித்தே அறிய வேண்டும். அவர் ஆராய்ந்த கோப்பில் கருவி ஒரு கிளையைத் தவறவிட்டது. அவர் தேடிய பிழை அக்கிளையில்தான் இருந்தது.

லினக்ஸ் கெர்னலைச் சரிபார்க்கும் ‘ஆப்ஜ்டூல்’ கருவிக்கும் இதே இடர் உண்டு. ஆகவே லூங்ஆர்க் செயலிகளுக்காக ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் ஒரு வசதி சேர்க்கப்பட்டது: தாவும் கட்டளையின் முகவரியும் அதற்குரிய அட்டவணையின் முகவரியும் இணையாகத் தனிப்பகுதியில் எழுதப்படும். கெர்னல் இறுதியாக இணைக்கப்படும்போது அப்பகுதி நீக்கப்படும், சுமை ஏதுமில்லை.

அறிந்தவர் எழுதிவைக்கும் இரு முகவரிகள் அறியாதவரின் மூன்று வாரங்களைக் காக்கும். ஏனைய செயலிகளுக்கும் இதுவே வழக்கமாக வேண்டும் என்பது இன்று அவர் வாதம்.